தோராயமாக எழுபத்திரண்டாயிரம்

இப்ப வாசல்ல நின்னு, “சாப்பிட்டீங்களா அத்தே”ன்னு கேட்டுட்டுப் போச்சே ஒரு பொண்ணு, பாத்தீங்களா டீச்சர்? பச்சைச் சுடிதார், பையை முன்னால மாட்டிக்கிட்டு. அவதான் இந்துஜா. என் கூடப்பிறந்த தம்பி குருசாமியோட மக. எனக்குத் துரோகம் பண்ணுனது யாருன்னு கேட்டா, நான் அவளைத்தான் கை காட்டுவேன்.

சிரிக்கிறீங்க. சிரிச்ச முகமா கேட்டுட்டுப் போகுதே, அதுவா துரோகம் பண்ணுச்சுன்னு நினைக்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாக. அதுதான் அவகிட்ட உள்ள சாமர்த்தியம். வாயைத் திறந்து திட்டுனான்னா நாமளும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டி ஆத்திக்கிடலாம். இவ காலையில எட்டேகால் பஸ்ஸுக்குப் போகையில சாப்பிட்டீங்களாங்குறா, சாயங்காலம் வரையில டீ குடிச்சீங்களாங்குறா. நான் என்ன பண்ண? சாப்பிட்டேன், குடிச்சேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இந்த நாற்காலியில உக்காருங்க. ஆதார்ல அட்ரஸ் மாத்துறது அஞ்சு நிமிச வேலைதான், சர்வர்தான் சுத்திக்கிட்டே இருக்கு. நீங்க ஊருக்குப் புதுசு. இன்னும் ரெண்டு நாள்ல உங்க ஸ்கூல்லயே யாராவது இந்தக் கதையைச் சொல்லத்தான் போறாக. அவுக சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிர்றேன். அவுக சொன்னா வேற மாதிரி இருக்கும்.

பதினோரு வருசமா இந்த ஆன்லைன் சென்டர் வச்சிருக்கேன். ‘பூங்கொடி ஆன்லைன்’னா அருப்புக்கோட்டையில ஆட்டோக்காரக கேள்வி கேக்காமக் கொண்டாந்து விட்ருவாக. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா, பென்சன், ஸ்காலர்ஷிப்பு, எல்லாம் இந்தக் கைதான். இந்துஜாவுக்கு ஆறாங்கிளாஸ்ல இருந்து எந்த அப்ளிகேசனா இருந்தாலும் நான்தான் போடுவேன். காசு வாங்குனதில்ல. தம்பி நீட்டுவான், நான் கையைத் தட்டி விட்ருவேன். அவ பொறந்தப்ப காதுல மூணு தடவை பேரைச் சொன்னது நான். அத்தைக்காரிதானே சொல்லணும்? அம்புட்டு உரிமை இருந்துச்சு. இருந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

தம்பி பெயிண்டிங் கான்ட்ராக்ட். மில்லு குவார்ட்டர்ஸுக்கெல்லாம் வருசா வருசம் அவன்தான் ஆள் விட்டு வெள்ளை அடிப்பான். பிளஸ் டூ மார்க்கு வந்த அன்னைக்கு இந்துஜா வந்து, “அத்தே, நான் ஆர்க்கிடெக்ட் படிக்கப் போறேன்”னா. எனக்கு முதல்ல புரியல. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் மக, சுவரு எங்க வரணும்னு வரைஞ்சு குடுக்கப் போறேங்குறான்னு அப்பறந்தான் புரிஞ்சது. அதுக்குத் தனியாப் பரிச்சை வேற எழுதியிருந்தா. அந்தப் பரிச்சைக்கும் நான்தான் அப்ளை பண்ணுனேன், அதைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. மதுரையில காலேஜ். அஞ்சு வருசப் படிப்பு. பீஸும் ஹாஸ்டலும் கேட்டா தம்பிக்கு மூச்சு முட்டும். அதுக்குத்தான் மெட்ராஸ்ல ஒரு டிரஸ்ட்டு. தேர்ந்தெடுத்தாகன்னா அஞ்சு வருசமும் அவுகளே கட்டிருவாக. அது கிடைச்சா படிப்பு, கிடைக்கலைன்னா இங்கனக்குள்ள பி.காம். இவ்வளவுதான் கணக்கு. அது எங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அதுல என்ன சிக்கல்னா, அப்பா வருமானத்துக்கு இன்கம் டாக்ஸ் கட்டுன கணக்கைக் கேட்டாக. உங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது டீச்சர், உங்களுக்குச் சம்பளத்துலயே எல்லாம் போட்டு ஒரு பேப்பராக் கையில குடுத்துருவாக. கான்ட்ராக்ட்காரனுக்கு அப்படி இல்ல. மில்லுல பில்லு பாஸ் பண்ணையிலேயே வரின்னு கொஞ்சம் பிடிச்சிருவாக. அவுக பிடிச்சது கம்ப்யூட்டர்ல ஏறித் தெரியுறதுக்கே ஜூன் மாசம் பாதி தாண்டிரும். அதுக்கு மேலதான் ஆடிட்டர் தொடுவாரு. “ஜூலைக்கு வா குருசாமி”ம்பாரு. இந்த டிரஸ்ட்டுக்கோ ஜூன் பதினஞ்சு கடைசித் தேதி. கணக்கு முடியுறதுக்கு முன்னாடியே அப்ளிகேசன் போட்டாகணும்.

அதுக்கும் அந்தப் பாரத்துல வழி வச்சிருந்தாக. கணக்கு இன்னும் முடியலைன்னா இந்தக் கட்டத்துல டிக் அடிச்சு, தோராயமா எம்புட்டு வரும்னு போடுங்க, முடிஞ்சதும் ரசீதை அனுப்புங்கன்னு. முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்லைன்னு. இதெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிஞ்சது. அஞ்சு பக்கம் இங்கிலீசு டீச்சர், கூட்டத்தை வச்சுக்கிட்டு யாரு உக்காந்து படிக்கிறது? எனக்குக் கண்ணுல பட்டது அந்தத் தோராயக் கட்டம் மட்டுந்தான்.

நான் எழுபத்திரண்டாயிரம்னு போட்டேன்.

ஏன்னு கேக்குறீங்களா? எல்லாருக்கும் எழுபத்திரண்டாயிரந்தான். மாசம் ஆறாயிரம், பன்னெண்டு மாசம், எழுபத்திரண்டு. யாரு முதல்ல ஆரம்பிச்சு வச்சாகளோ தெரியாது. நான் கடை போட்டதுல இருந்து அதான் போடுறேன். சைக்கிள் கடை வச்சிருக்கவருக்கும் எழுபத்திரண்டு, மேல மாடி எடுத்து ரெண்டு வீட்டை வாடகைக்கு விட்டவருக்கும் எழுபத்திரண்டு. என் கணக்குப்படி இந்த வார்டுல ஒருத்தர்கூட அதுக்கு மேல சம்பாதிக்கல. அதனால எந்தப் புள்ளைக்காவது ஸ்காலர்ஷிப்பு நின்னு போயிருக்கா? போகல. கை தானாப் போகும் டீச்சர். வருமானம்னு கட்டம் வந்தா ஏழு, ரெண்டு, மூணு சைபர். பிறந்த தேதி கேட்டாவாச்சும் நிமிந்து பாத்துக் கேப்பேன். வருமானம் நான் யார்ட்டயும் கேட்டதே இல்ல.

அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தா. இதோ இந்த ஸ்டூல்லதான். “அத்தே, அப்பாட்ட கேட்டேன். ஆள் கூலியெல்லாம் போக ரெண்டே முக்கால் லட்சம் நிக்கும்னாரு”ன்னா. நான், “சும்மா இருடி. ரெண்டே முக்கால்னு போட்டா எவன்டி குடுப்பான்?”னேன். உண்மைதானே? அவ நன்மைக்குத்தானே சொன்னேன்? நாலு லட்சம் வரைக்கும் இருக்கலாம்னு பாரத்துல போட்டிருக்குன்னு அவ சொன்னாளாம். சொன்னேங்குறா. எனக்கு அது ஞாபகத்துல இல்ல. அன்னைக்குக் கவுன்சிலிங்குக்குப் பதிய வந்த கூட்டம் வாசல் வரைக்கும் நிக்குது. ஒருத்தி ஜெராக்ஸுங்குறா, ஒருத்தி லேமினேசனுங்குறா. சொல்லியிருந்தா சத்தமாச் சொல்லியிருக்கணும்ல?

கடைசியில ஒரு டிக் இருந்துச்சு. மேல சொன்னது எல்லாம் என் அறிவுக்கு எட்டின வரையில உண்மைன்னு. அதை அடிச்சதும் நான்தான். ஆனா ஒண்ணு. ஓடிபி அவ போனுக்குத்தான் வந்துச்சு. நம்பரைப் படிச்சது அவதான். பிடிக்கலைன்னா படிக்காம இருந்திருக்கலாம்ல? அப்ப அதுல அவளுக்கும் பாதிப் பங்கு இருக்கா இல்லையா?

ஜூலை பத்தாம் தேதி வாக்குல ஆடிட்டர் தம்பியோட கணக்கை முடிச்சாரு. ரெண்டு லட்சத்து எழுபத்தி நாலாயிரமோ என்னமோ. சொன்னதுக்குச் சரியாத்தான் இருந்துச்சு. சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும், நமக்கென்ன? இந்த மகராசி என்ன பண்ணுனா தெரியுமா? அந்த ரசீதை எடுத்து டிரஸ்ட்டுக்கு அனுப்பிட்டா! “அனுப்பச் சொல்லிப் போட்டிருக்கு அத்தே”ங்குறா. போட்டிருந்தா? அவுக என்ன வீடு தேடி வந்து கேட்டாகளா? நூறு பேரு அப்ளிகேசன் போட்டா தொண்ணூறு பேரு ரசீதை அனுப்பவே மாட்டாக. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பேசாம இருன்னு சொல்லியிருப்பேன். கேக்கல. முதல் துரோகம் அது. நீங்க எண்ணிக்கிடுங்க.

அங்கனதான் ஆரம்பிச்சது வினை. டிரஸ்ட்டுல இருந்து ஒரு மேடம் போன் பண்ணுனாக. எழுபத்திரண்டுன்னு போட்டிருக்கீங்க, வந்திருக்கிறது ரெண்டே முக்கால், என்னம்மா இதுன்னு. இவ நடந்ததைச் சொல்லியிருக்கா, ஆன்லைன் சென்டர்ல போட்டாகன்னு. அதுக்கு அந்த மேடம், நல்லபடியாத்தான் சொல்லியிருக்காக. “உங்க அப்பா வருமானம் எங்க வரம்புக்குள்ளதான்மா இருக்கு. அது பிரச்சினை இல்ல. நீ பொய் சொன்னியா, இல்ல போட்டவங்க தப்பாப் போட்டாங்களா, அதுதான் கமிட்டிக்குத் தெரியணும். சென்டர்காரங்ககிட்ட, அவங்களாப் போட்டதுன்னு ஒரு லெட்டர் வாங்கி, சீல் வச்சு, பத்து நாளைக்குள்ள அனுப்பு. உன் பேர் இன்னும் லிஸ்ட்லதான் இருக்கு”ன்னு. நீயாப் போட்டதுன்னா மட்டும் அப்ளிகேசன் தள்ளுபடி, இனிமே எந்த வருசமும் போட முடியாதுன்னும் சொல்லியிருக்காக.

ரெண்டாம் நாளே தம்பி வந்துட்டான். பெயிண்டு டப்பாவோட வண்டியை வாசல்ல நிறுத்திட்டு, உள்ள வராம, நீங்க வந்தப்ப நின்னீங்களே, அந்த இடத்துல நிக்குறான். “அக்கா, ஒரு லெட்டர் வேணும்.”

“என்ன லெட்டர்?”

“நீயாப் போட்டதுன்னு.”

“நானாப் போட்டேனா? யாருக்குப் போட்டேன்? என் மகளுக்கா போட்டேன்?”

“கோவப்படாதக்கா. நடந்ததைத்தானே எழுதச் சொல்றாக.”

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது டீச்சர். பதினோரு வருசம். ஒரு தப்புன்னு எவனும் இந்தக் கடை வாசல்ல வந்து நின்னதில்ல. முதல் ஆளா வந்து நிக்குறவன் என் தம்பி. நான் தப்பு பண்ணுனேன்னு, என் கையால, என் சீலை வச்சு, எழுதிக் குடுக்கணுமாம். நான் கேட்டேன், “இந்த லெட்டர் கலெக்டர் ஆபீசு வரைக்கும் போச்சுன்னா என்னடா பண்ணுவ? கவர்மெண்டு குடுத்த ஐடியைப் பிடுங்கிருவான். ஐடி போனா கடை போச்சு. ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு நான் நடுத்தெருவுல நிக்கணுமா?”ன்னு. கண்ணு கலங்கிருச்சு எனக்கு. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டான்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, ஐடியெல்லாம் போகாது. அது ஒரு டிரஸ்ட்டு, கவர்மெண்டு இல்ல. லெட்டர் அவுக ஃபைலுக்குள்ளயே கிடக்கும். எனக்குத் தெரியும். கோவத்துல சொல்றதுதானே, ஒரு வார்த்தை நாலு வார்த்தையா வந்துரும். அக்கா அழுதா, தம்பிக்காரன் என்ன பண்ணணும்? சரி விடுக்கா, மன்னிச்சுக்கன்னு சொல்லி, ஒரு டீயை வாங்கிக் குடுத்து, அப்பறம் மெதுவாக் கேக்கணும். கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அவன் டீயும் வாங்கித் தரல.

நாலாம் நாள் அவன் பொண்டாட்டி ராணி வந்தா. அவ வெவரமானவ. கேசரி கிண்டி எடுத்துக்கிட்டு வந்தா. “மதினி, பிள்ளை முகத்தைப் பாக்க முடியல. ராத்திரி சோறு இறங்க மாட்டேங்குது. நீங்க நாலு வரி எழுதிக் குடுத்தீகன்னா போதும்”னு கையைப் பிடிச்சா. நான் சொன்னேன், “ஏன், அவ வாயில என்ன கொழுக்கட்டையா? அவ வந்து கேக்க மாட்டாளா? ஆறாங்கிளாஸ்ல இருந்து அவளுக்கு எல்லாம் பண்ணுனவ நான். அவ வந்து அத்தேன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும், உடனே தர்றேன்.” சொன்னேன் டீச்சர். வாயால சொன்னேன். ராணியைக் கேளுங்க, இல்லைம்பாளா?

நான் கேட்டது என்ன பெரிய விசயமா? காலுல விழவா சொன்னேன்? அவ வரணும், இந்த ஸ்டூல்ல உக்காரணும், “அத்தே, தெரியாம அனுப்பிட்டேன், நீங்கதான் சரி பண்ணணும்”னு சொல்லணும். இவ்வளவுதான்.

அஞ்சாம் நாள் வரல. ஆறாம் நாள் வரல. பஸ் ஸ்டாப்புக்குப் போறவ, இந்த வழியாத்தான் போகணும், வேற வழி இல்ல. போனா, ஆனா குனிஞ்சுக்கிட்டே போனா. நான் பாக்காத மாதிரி கீபோர்டைத் தட்டிக்கிட்டு இருந்தேன். ஏழாம் நாள் ஆடி வெள்ளி, கோயில்ல கூழு ஊத்துனாக, கடையே திறக்கல. எட்டாம் நாள்… எட்டாம் நாள் எதுக்கும் இருக்கட்டும்னு அந்த லெட்டரை டைப் பண்ண ஆரம்பிச்சேன். ‘மேற்படி விண்ணப்பதாரரின் தந்தை வருமானம் எனது…’ன்னு அடிச்சுட்டு நின்னுட்டேன். எனது என்ன? எனது கவனக்குறைவாலயா? நான் கவனமாத்தானே போட்டேன்? எனது தவறாலயா? அந்த வார்த்தையை அடிக்க வர மாட்டேங்குது. அடிக்கிறேன், அழிக்கிறேன். ஒரு கஸ்டமர் வந்துட்டாரு, பென்சன் லைஃப் சர்டிபிகேட்டு. அப்படியே மூடி வச்சுட்டேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நானே கிளம்புனேன். ஆமா, நானே. இதை ஊருல யாரும் சொல்ல மாட்டாக. அந்த லெட்டரை அடிச்சேன், கடைசியில ‘தெரியாமல் நேர்ந்துவிட்டது’ன்னு போட்டு முடிச்சேன், யாருக்குத் தெரியாம நேர்ந்துச்சுன்னு குறிச்சுச் சொல்லல, ஆனா போதும். பிரிண்டு எடுத்துப் பையில வச்சேன். கையெழுத்துப் போடல, சீலு வைக்கல. ஆனா சீலையும் மை டப்பாவையும் பையிலதான் போட்டேன். அவ வாசலுக்கு வந்து அத்தேன்னு கேட்டா அங்கனயே வச்சு ஒரு குத்துக் குத்திக் குடுத்துட்டு வந்துரலாம்னு. அஞ்சரைக்கே ஷட்டரை இறக்கிட்டேன். என்னைக்கும் எட்டு மணிக்கு முந்தி இறக்குனதில்ல.

போனா, இந்துஜா வீட்டுல இல்ல. ராணி மாவு அரைச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் கிரைண்டரை நிப்பாட்டுனா. “வாங்க மதினி”ங்குறா, ஆனா குரல் வாங்கங்குற மாதிரி இல்ல.

“எங்க அவ?” 

“மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தா, கோயிலுக்குப் போயிட்டு வாடின்னு அனுப்புனேன்.”

“லெட்டரு கொண்டாந்திருக்கேன்”னேன். பையைத் திறக்கப் போனேன்.

“வேண்டாம் மதினி. நேத்தே அனுப்பிட்டா.”

“என்னத்த அனுப்பிட்டா? லெட்டரு என் பையில இருக்கு, அவ என்னத்த அனுப்புனா?”

“அவளே எழுதிட்டா. நான்தான் போட்டேன், எங்க அத்தைக்கு ஒண்ணும் தெரியாது, ஸ்காலர்ஷிப்பு கிடைக்கணுங்கிற ஆசையில குறைச்சுப் போட்டுட்டேன்னு.”

அப்படின்னா? அப்படின்னா தள்ளுபடிதானே? மேடம் தெளிவாச் சொல்லியிருந்தாகளே! அஞ்சு வருசம், மதுரை, ஆர்க்கிடெக்டு, எல்லாம் அந்த ஒரு மெயில்ல முடிஞ்சுபோச்சு. தம்பி தடுக்கலையாம். “அக்கா அழுதுருச்சு ராணி, கடை போயிரும்ங்குது, விடு”ன்னானாம். இந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. “அத்தைக்கு ஐடி போயிட்டா அந்தப் பசங்களுக்கு யாரும்மா பீஸு கட்டுவா?”ன்னு கேட்டுச்சாம்.

நான் கோவத்துல சொன்னதை அவ உண்மைன்னு எடுத்துக்கிட்டா டீச்சர். கேட்டிருக்கலாம்ல, உண்மையா அத்தேன்னு? பேரைச் சொல்லியிருக்கலாம்ல, எங்க அத்தைதான் போட்டா, எழுதித் தர மாட்டேங்குறான்னு? சொல்லியிருந்தா அந்த மேடம் எனக்கு ஒரு போன் போட்டிருப்பாக. போன் போட்டுக் கேட்டா நான் இல்லைன்னா சொல்லப் போறேன்? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம். காட்டிக் குடுக்காம விட்டா பாருங்க, அதுதான் என்னைக் கொன்னது. இப்ப ஊருல என்ன பேச்சு தெரியுமா? பதினேழு வயசுப் பிள்ளை அத்தைக்காக அந்தப் படிப்பை விட்டுட்டு பி.காம். போகுதாம். அத்தைக்காரி நாலு வரி எழுத மாட்டேன்னுட்டாளாம். எழுதுன லெட்டரு என் பையில இருந்தது யாருக்குத் தெரியும்? யாருகிட்ட எடுத்துக் காட்டுறது?

போனவாரம்கூட, பென்சனுக்கு வந்த ஒரு அம்மா, பாரத்துல வருமானம் வந்ததும், “பாத்துப் போடுங்க”ன்னு சொல்லிட்டு என் மூஞ்சியையே பாக்குது. பதினோரு வருசத்துல ஒருத்தர் என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல.

அதுகூடப் பரவால்ல. இன்னும் ஒண்ணு இருக்கு. இதை நான் யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டத்தான் சொல்றேன்.

அந்த மெயிலை அவ எங்க வச்சு அனுப்புனா தெரியுமா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒருத்தன் புதுசா சென்டர் போட்டிருக்கானே, அங்க. ஸ்கேன் பண்ணி அனுப்புறதுக்கு முப்பது ரூவா வாங்கியிருக்கான். ஆறாங்கிளாஸ்ல இருந்து வேற எவன் கடைப் படியும் மிதிக்காத பிள்ளை, காசு குடுத்து, அந்நியன் கடையில போய் உக்காந்து அனுப்பியிருக்கு. நான் அன்னைக்கு ராணிகிட்ட அதைத்தான் கேட்டேன். மத்ததெல்லாம் கிடக்கட்டும்டி, ஏன் அங்க போனா? என் கடை திறந்துதானே இருந்துச்சு? நேத்து முழுக்க நான் கடையிலதானே இருந்தேன்? இங்க வந்திருந்தா, அந்த லெட்டரை நான் பாத்திருந்தா, கிழிச்சு எறிஞ்சிருக்க மாட்டேனா? இதைக் கேக்கக் கேக்க எனக்கு அழுகை வந்துருச்சு. அங்கனயே நின்னுக்கிட்டு அழுதேன்.

ராணி மாவுக் கையைத் தண்ணில கழுவுனா. அப்பறம் சொன்னா, “நானும் அதைத்தான் கேட்டேன் மதினி. அத்தை கடையில போயி அனுப்புடி, அத்தை பாத்தா மனசு மாறும்னேன். மாட்டேன்னுட்டா. ‘அத்தை படிச்சுப் பாத்துட்டு, சரி, அனுப்புன்னு சொல்லிட்டாகன்னா? அப்பறம் நான் எப்படிம்மா அவுகளை அத்தேன்னு கூப்பிடுவேன்?’னு கேட்டா.”

நான் சரின்னு சொல்லியிருப்பேன்னு அவ நினைச்சிருக்கா டீச்சர். அவ கண்ணு முன்னால, அவ படிப்பை நானே பட்டனைத் தட்டி அனுப்பி விட்ருவேன்னு நினைச்சிருக்கா. தோள்ல போட்டு வளத்தவளைப் பத்தி அப்படி ஒரு நினைப்பு அந்தப் பிள்ளை மனசுக்குள்ள எப்படி வந்துச்சு? இதைவிடப் பெரிய துரோகம் ஒரு மனுசிக்கு யாரும் பண்ண முடியுமா? நான் அனுப்பியிருப்பேனா டீச்சர்? நீங்க படிச்சவுக, நாலு புள்ளைகளைப் பாக்குறவுக. இம்புட்டு நேரம் நான் சொன்னதைக் கேட்டீங்கள்ல? நீங்களே சொல்லுங்க, நான் அனுப்பியிருப்பேனா?

ஏன் டீச்சர், ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க?